முஆதின் ஹதீஸும் இஜ்திஹாதின் வாசலும்

கி.பி. 900 அளவில் மத்ஹபுகள் எனும் சட்டப்பள்ளிகளின் அறிஞர்கள் பிரதானமான பிரச்னைகள் யாவும் தீர்ந்துவிட்டதாகக் கருதத் தலைப்பட்டனர் என்றும், அதுமுதல் சுயமாக ஆய்ந்து தீர்ப்புக் காணும் இஜ்திஹாதின் வாசல் அடைபட்டு, முன்னோர் முடிவைப் பின்பற்றும் தக்லீதே எஞ்சியது என்றும் ஜோசப் ஷாஹ்ட் 1964இல் வெளியிட்ட நூலில் எழுதியது நெடுங்காலம் பிரமாணமாக வழங்கி வந்தது. 1984இல் வாயில் ஹல்லாக் அம்முடிவை ஆதாரங்களுடன் மறுத்தார். ஆயினும் ஷாஹ்ட்டின் சித்திரம், அதாவது சுதந்திரமான அபிப்பிராயம் முதலில் விரிந்து கிடந்தது, அதிகாரம் பின்னர் வந்து அதைக் குறுக்கியது என்பது, இன்றும் பலர் மனத்தை விட்டு அகலவில்லை. அவ்விரண்டும் ஆதிமுதலே எதிரெதிர் நின்று வழக்காடி வந்தன என்பதே என் துணிபு. ஒரு ஹதீஸின் பாடபேதம் அதற்குச் சான்று கூறுகிறது.

நபித்தோழர் முஆத் இப்னு ஜபலை நபிகள் நாயகம் (ஸல்) யமனுக்கு அனுப்பியது ஹிஜ்ரி 8, 9, 10 ஆகிய ஆண்டுகளுள் எதில் என்பதில் பூர்வாசிரியர்களே உடன்படவில்லை. வேதத்திலும் நபிவழியிலும் விடை காணாதவிடத்துத் தம் அறிவைக்கொண்டு முயன்று தீர்ப்பளிப்பதாக முஆத் கூற, நபியவர்கள் அதை மெச்சினார்கள் என்பது அபூதாவூதும் திர்மிதியும் தரும் பாடம். முஆதிடமிருந்து அறிவிக்கும் அவர் தோழர்கள் பெயர் குறிக்கப்படாமல் வரும் இதன் அறிவிப்பாளர் தொடர் இணைந்ததாக இல்லை என்று திர்மிதியே எழுதிவைத்தார். இப்னு ஹஸ்ம் அதை அறவே தள்ளினார். இப்னுல் கய்யிமோ, அத்தோழர்கள் பலராயிருப்பதே அதன் பிரசித்திக்கு அடையாளம் என்று காத்தார். இப்னு மாஜாவில் உள்ள பாடமோ முற்றும் வேறு: அறிந்ததைக் கொண்டு மட்டுமே தீர்ப்பளிக்க வேண்டும், ஐயம் எழுந்தால் தெளியும்வரை நிற்க வேண்டும், அல்லது எமக்கு எழுதிக் கேட்க வேண்டும்.

இப்பாடத்தின் தொடரில் வரும் முஹம்மது இப்னு ஸயீத், ஹதீஸ்களைப் புனைந்தவர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டு, கலீஃபா மன்ஸூரின் ஆணையால் கொல்லப்பட்டுச் சிலுவையில் ஏற்றப்பட்டவர். எனவே அது நபிமொழியாக நிலைபெறாது. ஆனால் அவரே அதைப் புனைந்தார் எனின், அப்புனைவுக்கு ஒரு காலத்தேவை இருந்திருக்க வேண்டுமன்றோ? 754 முதல் 775 வரை ஆண்ட அதே மன்ஸூருக்குத்தான், நியாயாதிபதிகளின் முரண்பட்ட தீர்ப்புகளைத் திரட்டிக் கலீஃபாவே ஒரே விதியாக்க வேண்டுமென்று இப்னுல் முகஃப்பஃ விண்ணப்பம் எழுதினார். ஐயமுற்ற நீதிபதி மேலிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டுமென்னும் பாடம் அந்த விண்ணப்பத்தோடு எவ்வளவு இயைகிறது! இவ்விரண்டுக்கும் நேர்த்தொடர்பு காட்டும் சான்று இல்லை. காலமும் நோக்கமும் பொருந்துவதையே நான் வற்புறுத்துகிறேன். இத்தகைய ஹதீஸ்களைப் பிற்கால ஆக்கமென்று ஷாஹ்ட் கொள்வாரெனில், அப்போதும் அவர் குறித்த காலத்துக்கு வெகுமுன்பே அதிகாரத்தின் குரல் எழுந்துவிட்டது என்றாகும்.

இந்நூலாசிரியர்கள் மறைந்த ஆண்டுகளும் ஷாஹ்ட்டுக்கு உதவவில்லை. இப்னு மாஜா 887இலும், அபூதாவூது 889இலும், திர்மிதி 892இலும் மறைந்தனர். வாசல் அடைபட்டதாகச் சொல்லப்படும் காலத்தின் விளிம்பில் இரு பாடங்களும் அவர்கள் நூல்களில் ஒருசேர வாழ்ந்தன. அடைபட்டதென்னும் வழக்கு 11ஆம் நூற்றாண்டின் இறுதிக்கு முன் தென்படவில்லை என்று ஹல்லாக் காட்டினார். அதை முதலில் எழுப்பியவர் எவர் என்பது இன்னும் தீராத வினா. அதன்பின்னும் வழக்கு ஓயவில்லை: 1505இல் மறைந்த அறிஞர் ஸுயூத்தி, இஜ்திஹாத் செய்ய வல்ல முஜ்தஹித் தகுதியைத் தமக்கே உரியதாக அறிவித்தபோது கெய்ரோவில் எழுந்த எதிர்ப்பு கடுமையானது. இஜ்திஹாத் ஒவ்வொரு காலத்திலும் கடமையே என்று நிறுவ அவர் தனி நூலே எழுதினார்.