குழாயைத் திறந்தால் சுண்ணாம்புத் தண்ணீர்! பாலைவனப் புறநகரில் ஷவர் அடைக்குது, ஹீட்டர் படுக்குது

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், சூதாட்ட நகரமான லாஸ் வேகாசை ஒட்டி இருக்கிறது ஹெண்டர்சன். மொஜாவே பாலைவனத்தில் உள்ள இந்தப் புறநகரில் 3 லட்சத்துக்கும் அதிகமானோர் வசிக்கிறார்கள். வருஷம் முழுக்கப் பெய்யும் மழையே சுமார் 4 அங்குலம்தான். ஆனாலும் குழாயைத் திறந்தால் 24 மணி நேரமும் தண்ணீர் கொட்டுகிறது.

தலைவலி தண்ணீர் இல்லாததில் இல்லை. வருகிற தண்ணீரில் இருக்கிறது. அத்தனையும் சுண்ணாம்புச் சத்து நிறைந்த கடினத் தண்ணீர்.

எங்கிருந்து வருகிறது?

லாஸ் வேகாஸ் வட்டாரத்தின் தண்ணீரில் 90 சதவீதம் கொலராடோ ஆற்றில் இருந்து கிடைக்கிறது. ராக்கி மலையில் பனி உருகி ஓடத் தொடங்கும் இந்த ஆறு, சுண்ணாம்புப் பாறை, ஜிப்சம் பாறை எல்லாவற்றையும் அரித்துக்கொண்டு வருகிறது. கால்சியமும் மக்னீசியமும் தண்ணீரில் கரைந்துவிடுகின்றன.

1935-ல் திறந்து வைக்கப்பட்ட ஹூவர் அணை இந்த ஆற்றை மறித்து மீட் ஏரியில் தேக்குகிறது. பாலைவன வெயிலில் ஏரித் தண்ணீர் ஆவியாகும். உப்பு ஆவியாகாது, அப்படியே தங்கிவிடும். மாநகராட்சி கிருமிகளைக் கொன்று தண்ணீரைச் சுத்தம் செய்து அனுப்புகிறது. ஆனால் கடினத்தன்மையை எடுப்பதில்லை. அதற்கு அமெரிக்க அரசு சட்டப்படி உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை.

வருஷத்துக்கு 2 மூட்டை

லிட்டருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினாலே 'மிகக் கடின நீர்' என்பது அமெரிக்கக் கணக்கு. இங்கே குழாயில் வருவது சுமார் 280 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 200 வரை இருக்கலாம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி.

ஒரு வீட்டில் தினமும் 1,000 லிட்டர் செலவானால் 280 கிராம் சுண்ணாம்பு குழாய் வழியே போகிறது. வருஷத்துக்கு 100 கிலோ. அதாவது 2 சிமெண்ட் மூட்டை எடை! பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடும். வீட்டில் தங்கும் மிச்சம்தான் பாடாய்ப் படுத்துகிறது.

வீட்டில் என்ன ஆகிறது?

தண்ணீர் சூடானதும் கரைந்திருந்த சுண்ணாம்பு கல்லாகப் படியும். அதனால் முதல் அடி வாட்டர் ஹீட்டருக்குத்தான். தொட்டியின் அடியில் கெட்டியாகப் படிந்துவிட்டால் சூடு தண்ணீருக்கு ஏறாது. கேஸ், கரண்ட் செலவு கூடும். ஹீட்டருக்குள் 'பட் பட்' என்று சத்தம் கேட்டால் படிவு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே விட்டால் ஹீட்டரின் ஆயுசு குறையும்.

ஷவர் துளைகள் அடைத்துக்கொள்ளும். டம்ளரிலும் கண்ணாடிக் கதவிலும் வெள்ளைத் திட்டு விழும். சோப்பு நுரைக்காது, பிசுபிசு என்று ஒட்டும். துவைத்த துணி விறைப்பாக நிற்கும். தலைமுடி வறண்டு சிக்கு விழும். ஏர்கூலர் மெத்தையில் உப்பு பூத்துக் காற்று வராமல் போகும். காரைக் கழுவி வெயிலில் விட்டால் புள்ளி புள்ளியாகக் கறை நிற்கும்.

குடிக்கலாமா?

தாராளமாகக் குடிக்கலாம். கடின நீரால் உடம்புக்குக் கெடுதல் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கால்சியமும் மக்னீசியமும் உடம்புக்குத் தேவையான சத்துகள்தான்.

தோல் வறட்சி பலருக்கு இருக்கிறது. ஆனால் கரப்பான் உள்ள 336 குழந்தைகளை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வின் முடிவு 2011-ல் வெளியானது. வீட்டில் சாப்ட்னர் மாட்டியதால் மட்டும் கரப்பான் கூடுதலாகக் குறையவில்லை என்று அதில் தெரிய வந்தது.

சாப்ட்னரில் இன்னொரு சிக்கல்

பலரும் வாங்கி மாட்டுவது வாட்டர் சாப்ட்னர் மெஷின். இது தண்ணீரில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு சோடியத்தை விடும். இந்த வேலை நடக்க மூட்டை மூட்டையாக உப்பு போட வேண்டும். ஹீட்டர், ஷவர் எல்லாம் தப்பிக்கும். சோப்பும் நன்றாக நுரைக்கும்.

ஆனால் ஹெண்டர்சன் தண்ணீரைச் சாப்ட்னரில் விட்டால் லிட்டருக்கு சுமார் 130 மில்லிகிராம் சோடியம் சேரும். பிரஷர், இதய நோய், கிட்னி கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. சமையலறைக் குழாயை மட்டும் சாப்ட்னரில் சேர்க்காமல் விடவும் வழி இருக்கிறது.

பெரிய சிக்கல் வெளியே இருக்கிறது. இந்த வட்டாரத்தில் வீட்டுக்குள் செலவாகும் தண்ணீரில் பெரும்பங்கு சுத்திகரிக்கப்பட்டு மறுபடி மீட் ஏரிக்கே போகிறது. பாலைவனத்தில் இத்தனை பேர் தாக்குப்பிடிக்க இதுவும் ஒரு காரணம். ஆனால் சாப்ட்னர் கழித்துவிடும் உப்பை வழக்கமான சுத்திகரிப்பில் பிரிக்க முடியாது. அதுவும் ஏரிக்கே வந்து சேரும்.

அங்கிருந்து அரிசோனா, கலிபோர்னியா விவசாயிகளுக்கும், கடைசியில் மெக்சிகோவுக்கும் போகிறது. இந்த ஆற்று உப்பால் பயிர் பாழாவதாக மெக்சிகோ சண்டை பிடித்து, 1973-ல் இரு நாடுகளும் ஒப்பந்தம் போட்டன. அடுத்த வருஷமே உப்பைக் குறைக்க அமெரிக்கா தனிச் சட்டம் கொண்டு வந்தது. ஒரு வீட்டுக்காரர் தன் ஷவரைக் காப்பாற்றக் கொட்டும் உப்பு அடுத்தவர் வயலுக்குப் போகிறது.

கைக்காசில் முடியும் வைத்தியம்

* ஷவர் அடைத்தால் ஒரு பிளாஸ்டிக் பையில் வினிகர் ஊற்றி, ஷவர் தலை முங்கும்படி கட்டிவிட வேண்டும். சில மணி நேரத்தில் சுண்ணாம்பு கரையும். தங்க நிறப் பூச்சு உள்ளதாக இருந்தால் அரை மணி நேரம் போதும்.

* மார்பிள் கல்லில் வினிகர் படக்கூடாது, அரித்துவிடும்.

* வினிகரையும் பிளீச்சிங்கையும் சேர்த்து ஊற்றவே கூடாது. விஷ வாயு கிளம்பும்.

* ஹீட்டரை வருஷத்துக்கு ஒரு தடவை அடி வரை வடித்துக் கழுவ வேண்டும். சூட்டை 49 டிகிரி செல்சியசில் வைத்தால் படிவு குறையும்.

* கண்ணாடி, குழாயில் ஈரத்தை உடனே துடைத்துவிட்டால் திட்டு விழாது.

* கொதிக்க வைத்தால் கடினத்தன்மை ஓரளவுதான் குறையும். இங்குள்ள தண்ணீரில் சல்பேட்டும் அதிகம் என்பதால் முழுசாகப் போகாது.

* குழாயில் காந்தம் மாட்டினால் சரியாகிவிடும் என்று விற்கிறார்கள். காந்தத்தால் தண்ணீரில் உள்ள கால்சியம் குறையாது.

சாப்ட்னர் வாங்கியே ஆகவேண்டும் என்றால், கடிகாரம் வைத்து ஓடுவதைவிட, செலவாகும் தண்ணீரை அளந்து கழுவும் மாடலைப் பார்த்து வாங்கலாம். உப்பும் மிச்சம், காசும் மிச்சம். ஏரிக்குப் போகும் உப்பும் அந்த அளவுக்குக் குறையும்.