போர்தான் காரணமா? முன்மாதிரி மோட்டார் சைக்கிள்களின் வரலாற்றில் சான்றும் முடிவும்

ஒன்றிரண்டு வண்டிகளோடு நின்றுபோன 1930களின் பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களைப் பற்றி எழுதுவோர், அவற்றின் முடிவுக்குப் பெரும்பாலும் ஒரே காரணத்தைச் சொல்கிறார்கள்: இரண்டாம் உலகப் போர். போர் வந்தது, தொழிற்சாலைகள் ஆயுத உற்பத்திக்குத் திரும்பின, நல்ல வடிவமைப்புகள் முடங்கின என்பது அந்தக் கதை. போர் இவ்வண்டிகளை நிறுத்திவைத்தது உண்மை. ஆனால் 1945க்குப் பின் அவை ஏன் மீண்டும் தொடங்கப்படவில்லை என்பதற்கு அதில் விடை இல்லை. முன்மாதிரியின் வரலாறு என்பது அதைக் கைவிட எடுத்த முடிவின் வரலாறு. அந்த முடிவை ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனியே கண்டறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பர்மிங்காமின் ஹால் கிரீனில் இயங்கிய வெலோசெட் நிறுவனத்தின் 'ரோரர்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஹெரால்டு வில்லிஸ் வடிவமைத்த இந்த 500 சி.சி. இரட்டைச் சிலிண்டர் பந்தய வண்டியில், நீளவாக்கில் அமைந்த இரண்டு கிராங்க் ஷாஃப்டுகள் பற்சக்கரங்களால் பிணைக்கப்பட்டு எதிரெதிர்த் திசையில் சுழன்றன. ஒன்றின் திருப்புவிசை உண்டாக்கும் எதிர்விளைவை மற்றது சமன்செய்துவிடும். ஒரு ஷாஃப்ட் பின்சக்கரத்துக்கு விசையைக் கொடுக்க, மற்றொன்று, காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்தும் சூப்பர்சார்ஜரை இயக்கியது. 1939 ஜூனில் மான் தீவின் டி.டி. பந்தயப் பயிற்சியில் ஸ்டான்லி வுட்ஸ் இதை ஓட்டினார். பந்தயத்தில் இது இறங்கவில்லை. அந்த ஆண்டு சீனியர் பந்தயத்தை ஜார்ஜ் மையர், சூப்பர்சார்ஜர் பூட்டிய பி.எம்.டபிள்யூ.வில் வென்றார். பந்தயக் காலத்திலேயே வில்லிஸ் இறந்தார். செப்டம்பரில் போர் தொடங்கியது.

வழக்கமான கதை இங்கே முடிந்துவிடும். ஆனால் வண்டி அழியவில்லை; போர் முடிந்தபோதும் இருந்தது. 1946இல் சர்வதேசப் பந்தயங்களில் சூப்பர்சார்ஜர் தடைசெய்யப்பட்டது. அப்படியானால் தடைதான் காரணமா? அதுவும் முழு விடை ஆகாது. ஏ.ஜே.எஸ். நிறுவனத்தின் 'பார்க்குபைன்' வண்டியும் சூப்பர்சார்ஜரை நம்பியே வடிவமைக்கப்பட்டது. தடை வந்த பிறகும் அந்நிறுவனம் அதை விடவில்லை. சூப்பர்சார்ஜர் இல்லாமல் பந்தயத்தில் இறக்கியது. 1949இல் லெஸ் கிரஹாம் அதை ஓட்டி 500 சி.சி. உலகப் பட்டம் வென்றார். வெலோசெட்டின் கையிலோ நன்கு பழகிய ஒற்றைச் சிலிண்டர் வண்டி இருந்தது. 1949இல் ஃபிரெடி ஃபிரித், 1950இல் பாப் ஃபாஸ்டர் என 350 சி.சி. பட்டம் இருமுறை அந்நிறுவனத்துக்கே வந்தது. ஒரே தடைக்கு இரு நிறுவனங்களிடமிருந்து இரு வேறு விடைகள். போரும் தடையும் சூழலை மாற்றின. முடிவை எடுத்தவர்கள் மனிதர்கள்.

வெலோசெட்டின் அதே கூரையின்கீழ் பில் எர்விங் வடிவமைத்த 'மாடல் ஓ' சாலை வண்டியின் வழி வேறு. 600 சி.சி. அளவில், ரோரரைப் போலவே பிணைந்த இரட்டை ஷாஃப்டுகளுடன், ஒன்றே ஒன்று உருவானது. பந்தயத் தடைக்கும் இதற்கும் தொடர்பில்லை. போருக்குப் பின் நிறுவனம் தன் பணத்தையும் புதிய கருவிகளையும் 1948இல் வெளிவந்த 'எல்.இ.' என்ற 149 சி.சி. வண்டியில் போட்டது. எளிய மக்களுக்கான அமைதியான வாகனம் என்பது அதன் கனவு. 'மாடல் ஓ'வின் இடத்தை எடுத்துக்கொண்டது அந்தக் கனவுதான். ஆயினும் அதில் இருந்த ஓர் உறுப்பு பிழைத்தது: வளைந்த பிளவில் நகர்த்திப் பின்சக்கர அதிர்வுதாங்கியைச் சரிசெய்யும் எர்விங்கின் அமைப்பு 1950களின் வெலோசெட் வண்டிகளில் இடம்பெற்றது. தோற்றது என்று எழுதப்படும் வண்டியின் ஒரு பகுதி பின்னர் சாலைகளில் ஓடியது.

நாட்டிங்காமின் ஜார்ஜ் பிரஃப் 1938 கண்காட்சியில் வைத்த 'கோல்டன் டிரீம்' மூன்றாவது வகை. அவருடைய பிரஃப் சுபீரியர் நிறுவனம் அதுவரை ஜே.ஏ.பி., மேட்ச்லெஸ் போன்றோரின் என்ஜின்களை வாங்கியே வண்டி கட்டியது. ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரு கிடைச்சிலிண்டர் இணைகள் கொண்ட இந்த 1000 சி.சி. என்ஜினோ அதற்கே உரியது. என்ஜினையே சொந்தமாக உற்பத்தி செய்வதென்றால் சிறு நிறுவனத்துக்கு அது தொழிலையே மாற்றுவதாகும். போருக்குப் பின் பிரஃப் மோட்டார் சைக்கிள் உற்பத்திக்கே திரும்பவில்லை. ஆகவே இங்கே கேட்க வேண்டிய கேள்வி, ஒரு வண்டி ஏன் நின்றது என்பதல்ல; ஒரு நிறுவனம் ஏன் தன் துறையை விட்டது என்பது.

இந்த வேறுபாடுகளைக் காணச் சான்றுகளை எடைபோடத் தெரிய வேண்டும். வண்டிகளை அனுப்பியதைக் குறித்த தொழிற்சாலைப் பதிவேடுகள் விற்ற வண்டிகளுக்கானவை. விற்கப்படாத முன்மாதிரியை அவற்றில் எதிர்பார்க்க முடியாது. கண்காட்சிச் செய்திகள் பெரும்பாலும் நிறுவனம் கொடுத்த விவரங்களிலிருந்து எழுதப்பட்டவை. மேடையில் நின்ற வண்டி ஓடியதா என்பதை அவை நிறுவுவதில்லை. வடிவமைப்பாளரின் நினைவுக்குறிப்பு விலைமதிப்பற்றது, ஆனால் பல பத்தாண்டுகள் கழித்து எழுதப்பட்டது. எர்விங்கின் தன்வரலாறும் இதற்கு விலக்கல்ல.

எஞ்சியிருப்பது வண்டி. அதையும் ஆவணம்போல் படிக்க வேண்டும். கால் அங்குல போல்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். போருக்கு முந்தைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள்களில் பரவலாக இருந்த 'சைக்கிள் மரை'யில் அங்குலத்துக்கு 26 சுற்றுகள். 1948இல் பிரிட்டன், அமெரிக்கா, கனடா மூன்றும் ஏற்ற பொது மரையின் நுண்வகையில் அதே போல்ட்டுக்கு 28. மரை அளவியின் 26 பல்லில் அமராமல் 28இல் அமரும் போல்ட் 1939 வண்டியில் கிடைத்தால், பிற்காலக் கை பட்டிருக்கிறது என்று ஐயுற இடமுண்டு. போல்ட்டை மாற்றுவது எளிது. கிராங்க் கேஸில் வெட்டிய துளையின் மரையும் 28 என்றால் ஐயம் வலுக்கும். அடைக்கப்பட்ட துளை, துளையிடாமல் விட்ட வார்ப்பு முனை, மணல் வார்ப்பின் சொரசொரப்பு ஆகிய ஒவ்வொன்றும் பட்டறையில் மாறிய எண்ணங்களின் தடம். பளபளப்பாக்கும் புதுப்பிப்பு இவற்றையெல்லாம் துடைத்துவிடுகிறது.

ஆவணங்கள் அழிந்த இடத்தில் போரைக் காரணமாகக் கொள்வது நியாயம்தானே என்று கேட்கலாம். 1940 நவம்பரில் கோவென்ட்ரி குண்டுவீச்சில் டிரையம்ஃப் தொழிற்சாலை அழிந்தது போன்ற இடங்களில் இக்கேள்விக்கு வலு உண்டு. ஆனால் ஆவணத்தை அழித்தது போர் என்பதும் வண்டியை நிறுத்தியது போர் என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முதலாவது நிறுவப்பட்டதாலேயே இரண்டாவது நிறுவப்பட்டதாகிவிடாது. டிரையம்ஃபே இடம்பெயர்ந்து மெரிடனில் புதிய ஆலை கண்டு, போருக்குப் பின் உலகெங்கும் விற்றது.

எனவே முன்மாதிரி பற்றிய எந்த ஆய்வும் மூன்றை நிறுவ முயல வேண்டும்: கைவிடும் முடிவு எப்போது எடுக்கப்பட்டது, அப்போது நிறுவனத்தின் கையில் வேறு என்ன வழி இருந்தது, இன்று நிற்கும் வண்டியின் எப்பகுதி அக்காலத்தது. புதுப்பிப்பவர்களும் ஒரு போல்ட்டைக் கழற்றும் முன் அதை அளந்து, படமெடுத்து, பதிய வேண்டும். வில்லிஸ், எர்விங் போன்றோர் பணம், விதி, காலம் என்ற நெருக்கடிகளுக்கு நடுவே சிந்தித்தவர்கள். அவர்களுடைய வேலையை நேர்மையாக மதிப்பிட, அந்த நெருக்கடிகளைப் பெயர்சொல்லிப் பிரித்தெழுதுவதே வரலாற்றாசிரியரின் கடமை.