மரக்காணம்: உப்பங்கழிக் கரையின் வரலாறு

மரக்காணம், விழுப்புரம் மாவட்டக் கடற்கரையில், புதுச்சேரிக்கு வடக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பேரூர். மாமல்லபுரத்துச் சிற்பங்களைப் பார்த்துவிட்டுப் புதுச்சேரியின் பிரெஞ்சுத் தெருக்களுக்கு விரைவோர் இதைச் சாலையோரம் உப்பு குவிந்திருக்கும் வழியூராகவே அறிவர். பூமீஸ்வரர் கோயில், பக்கிங்காம் கால்வாய், கழுவெளிச் சதுப்பு நிலம், வடக்கே கடப்பாக்கத்து ஆலம்பரைக் கோட்டை எனப் பார்க்க வேண்டியவற்றைத் தனித்தனியே அடுக்குவதும் வழக்கம். ஆனால் கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழிகளை விட்டுவிட்டால் இவற்றில் எதற்கும் விளக்கம் கிடைக்காது.

ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடும் சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர் பலரின் கருத்து. பெரிபுளூஸ் என்னும் பழைய கிரேக்கக் கடல்வழி நூலின் சோபட்மா துறையும் இதுதான் என்பாரும் உண்டு. பெயர் ஒலியை வைத்து ஊரை நிறுவலாமா என்ற கேள்வி நியாயமானதே. சிறுபாணாற்றுப்படை ஊரின் பெயரை நேரே சொல்வதுகூட இல்லை. மதிலின் பெயர் கொண்ட பட்டினம் என்றுதான் சுட்டுகிறது. மதில் எதுவும் இன்று இங்கே நிற்கவில்லை. ஆயினும் அப்பாட்டு கூறும் நீர்நிலை சூழ்ந்த நெய்தல் நிலமும் பரதவர் குடியிருப்பும் இக்கரைக்குப் பொருந்துகின்றன. தமிழகத் தொல்லியல் துறை 2005-06இல் இங்கு அகழாய்வும் செய்துள்ளது. துறைமுகம் பற்றிய வாதம் தோற்றாலும் இங்குள்ள உப்புத் தொழிலின் பழமைக்குத் தனிச் சான்று இருக்கிறது: பூமீஸ்வரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகள் உப்பளங்களைக் குறிப்பிடுகின்றன. கோயிலுக்குப் போகிறவர் கருவறையோடு திரும்பாமல் சுவர்களையும் பார்ப்பது நல்லது.

1805இல் சென்னை மாகாண உப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. மறு ஆண்டு சென்னையிலிருந்து எண்ணூருக்குத் தனியார் வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னர் அரசின் கைக்கு வந்து வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்தவர்களைக் கொண்டு அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த பிறகு, ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அதன் தென்முனை மரக்காணம். உப்பும் விறகும் படகேறிச் சென்னைக்குப் போயின. சாலையும் ரயிலும் வந்தபின் படகுகள் நின்றன; உப்பளங்கள் நிற்கவில்லை. 1750இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்து, 1760இல் ஆங்கிலேயரால் இடிக்கப்பட்ட ஆலம்பரைக் கோட்டைக்குக் கிடைக்கும் பயணிகளின் கவனம் உப்பளங்களுக்குக் கிடைப்பதில்லை. இடிந்தது வரலாறு, இயங்குவது வெறும் தொழில் என்ற கணக்கு அது.

உப்பளம் உழைப்புக்களம், அதை வேடிக்கைப் பொருளாக்கலாமா என்ற மறுப்புக்கு வலு அதிகம். வெயில் கொதிக்கும் மாதங்களில்தான் உவர்நீர் பாத்திகளில் சுண்டி உப்பு படியும். அதை வாரி வரப்பில் சேர்ப்பவர்களுக்குக் கண் கூசும், கால் வெடிக்கும். எனவே அனுமதி கேட்டு, வரப்பு சிதையாமல், காலையிலேயே பார்த்துவிட்டு வருவதுதான் முறை. சூழலியல் நோக்கில் எழும் மறுப்பும் உண்டு: பாத்திகள் பெருகினால் சதுப்பு நிலம் சுருங்கும் என்பது. கழுவெளியில் 5,151.6 ஹெக்டேர் 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்ததால் எல்லையாவது தெளிவாகியிருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் மூழ்கி உப்பு வேலை ஓயும்போது, கழுவெளியில் வலசைப் பறவைகள் இறங்கத் தொடங்குகின்றன. ஒரே பயணத்தில் இரண்டையும் ஓரளவேனும் பார்க்க எண்ணுவோர் தை, மாசி மாதங்களில் வரலாம். அப்போது பறவைகள் இன்னும் இருக்கும், பாத்தி கட்டும் வேலையும் தொடங்கியிருக்கும்.