முத்துக்குளித்துறையில் வாய்மொழி மறைக்கல்வி

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலையும், தூத்துக்குடி, மணப்பாடு முதலிய ஊர்களையும் உள்ளடக்கிய முத்துக்குளித்துறையில், 1530களில் பரதவர் திரளாகக் கத்தோலிக்கம் தழுவினரேனும், அவர்களுக்கு மறை கற்பிப்போர் அரிதாகவே இருந்தனர்.

1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழும் போர்த்துகீசியமும் அறிந்தோர் துணையுடன் விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள், கர்த்தர் கற்பித்த செபம் ஆகியவற்றைத் தமிழாக்கி மனனம் செய்து, மணியடித்துக் கூட்டிய சிறுவர்க்குத் தொடர் தொடராகச் சொல்லிக்கொடுத்து, அவற்றைப் பெற்றோர்க்கும் அயலார்க்கும் கற்பிக்குமாறு அவர்களைப் பணித்தார். அவர் இல்லாத ஊர்களில் கணக்கப்பிள்ளைகள், அதாவது சம்பளம் பெற்று மறை கற்பித்த உள்ளூர் உபதேசியார், இப்பணியைத் தொடர்ந்தனர்.

சவேரியார்க்குப்பின் புன்னைக்காயலில் தங்கித் தமிழ் பயின்ற அண்டிரிக் அடிகளார், போர்த்துகீசிய மறைநூலொன்றைத் தழுவி ஆக்கிய ‘தம்பிரான் வணக்கம்’, 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்துகளில் அச்சாயிற்று. ஆயினும் எழுத்தறிந்தோர் சிலரேயான அக்காலத்தில், அச்சிட்ட நூலும் உபதேசியார் உரக்க ஓதக் கேட்டே பெரும்பாலோரை எட்டியிருக்க வேண்டும். நமீபியாவின் வடமேற்கில் மந்தைகளோடு இடம்பெயரும் ஹிம்பா மக்களைப் போன்ற சமூகங்களுக்கு இன்று மேற்கொள்ளப்படும் வாய்மொழி விவிலிய மொழிபெயர்ப்பும், எழுத்தைவிடச் செவியையும் நினைவையும் முதன்மைப்படுத்தும் இதே முறையைச் சார்ந்ததாகும்.