மூத்த வீரரை எந்தத் தராசில் நிறுப்பது? ரே போர்க் பரிமாற்றமும் பின்னறிவின் தீர்ப்பும்

2001ஆம் ஆண்டு ஜூன் 9 அன்று, டென்வர் நகரில், கொலராடோ அவலாஞ்ச் அணி ஸ்டான்லி கோப்பையை வென்றது. வட அமெரிக்கப் பனி ஹாக்கியில் இக்கோப்பையைப் பற்றி ஒரு மரபு உண்டு. லீகின் ஆணையரிடமிருந்து கோப்பையைப் பெறும் அணித்தலைவரே முதலில் அதனைத் தலைக்குமேல் உயர்த்துவார். அதன் பின்னரே மற்றவர் கைக்கு அது செல்லும். அன்று அணித்தலைவர் ஜோ சாக்கிக் அதனை உயர்த்தவில்லை. பெற்ற கையோடு, அருகில் நின்ற நாற்பது வயதுத் தற்காப்பு ஆட்டக்காரர் ரே போர்க்கிடம் நீட்டினார். அந்த இரவோடு, வழக்கப் பருவமும் பிளேஆஃப் சுற்றுகளும் சேர்த்து, போர்க் ஆடிய ஆட்டங்கள் 1826. முதல் கோப்பைக்காக அத்தனை ஆட்டங்கள் காத்திருந்த வீரர் அந்த லீகின் வரலாற்றில் அதுவரை எவருமில்லை.

இந்த ஒரு காட்சியின் ஒளியிலேயே போர்க்கைக் கொலராடோவுக்குக் கொண்டுவந்த 2000ஆம் ஆண்டுப் பரிமாற்றம் இன்றும் மதிப்பிடப்படுகிறது. அது வெற்றிகரமான பரிமாற்றம் என்பதில் விளையாட்டு எழுத்தாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆயினும் வரலாறு பயில்வோர்க்கு அந்த ஒருமித்த தீர்ப்பே ஆய்வுப் பொருளாகிறது. ஒரு முடிவை அதன் விளைவால் மதிப்பிடுவதா, அது எடுக்கப்பட்ட நாளில் இருந்த அறிவால் மதிப்பிடுவதா? இலாப நட்டக் கணக்கு எழுதுவது யாருடைய பேரேட்டில்?

முதலில் இந்த நடைமுறையைச் சற்று விளக்க வேண்டும். இந்தியாவில் ஹாக்கி என்றால் புல்தரையும் செயற்கைத் தரையுமே நினைவுக்கு வரும். இங்குப் பேசப்படுவது கனடாவும் அமெரிக்காவும் பங்கேற்கும் தேசிய ஹாக்கி லீக் எனப்படும் தொழில்முறைப் பனி ஹாக்கி. அங்கு ஓர் அணி தன் வீரரை மற்றோர் அணிக்குக் கொடுத்து, பதிலாக வீரர்களையோ வருங்காலப் புதுமுகத் தேர்வில் முந்தித் தேர்ந்தெடுக்கும் உரிமைகளையோ பெறலாம். ஐ.பி.எல். கிரிக்கெட்டில் நிகழும் பரிமாற்றங்களுக்கு வீரரின் இசைவு தேவை. தேசிய ஹாக்கி லீகிலோ, ஒப்பந்தத்தில் தனியே விலக்கு எழுதப்பட்டிருந்தாலொழிய, வீரரைக் கேட்க வேண்டியதில்லை. மூத்த நட்சத்திரங்களின் பரிமாற்றம் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், பருவத்தின் கடைசிக் கட்டத்தில் நிகழும். கோப்பைக்கு அருகில் இருப்பதாக நம்பும் அணி எதிர்காலத்தைக் கொடுத்து நிகழ்காலத்தை வாங்குகிறது. நம்பிக்கை இழந்த அணி நிகழ்காலத்தைக் கொடுத்து எதிர்காலத்தை வாங்குகிறது.

2000 மார்ச் 6 அன்று நடந்தது இதுவே. போர்க் 1979ஆம் ஆண்டின் புதுமுகத் தேர்வில் எட்டாவதாக பாஸ்டன் புரூயின்ஸ் அணிக்கு வந்தவர். இருபது ஆண்டுகளுக்கு மேலாக அங்கேயே ஆடினார். சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நாரிஸ் விருதை ஐந்து முறை வென்றார். 1988இலும் 1990இலும் அவருடைய அணி இறுதிச் சுற்றை எட்டி, இருமுறையும் எட்மன்டனிடம் தோற்றது. 2000இல் பாஸ்டன் பிளேஆஃப் சுற்றுக்கே தகுதி பெறாத நிலையில் இருந்தது. தன்னை வேறு அணிக்கு அனுப்புமாறு போர்க் தாமே கேட்டுக்கொண்டார். குடும்பம் பாஸ்டன் பகுதியில் இருந்தமையால் கிழக்குக் கரையோர அணி ஒன்றையே அவர் நாடினார். பிலடெல்பியாவின் பெயர் பரவலாகப் பேசப்பட்டது. பாஸ்டனின் பொது மேலாளர் ஹாரி சிண்டன் அவரை மேற்கே கொலராடோவுக்கு அனுப்பினார். போர்க்குடன் டேவ் ஆண்ட்ரேசக் என்ற முன்கள வீரரும் சென்றார். பதிலாக பாஸ்டன் பெற்றவை: முன்கள வீரர் பிரையன் ரோல்ஸ்டன், இளைஞர்களான சாமுவேல் பால்சன், மார்ட்டின் கிரெனியே, ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமை.

இந்தப் பரிமாற்றத்தை நான்கு வெவ்வேறு நாள்களில் நின்று நோக்கினால் நான்கு வெவ்வேறு தீர்ப்புகள் கிடைக்கின்றன.

பரிமாற்றம் நடந்த அன்று அது துணிச்சலான முடிவு. போர்க்குக்கு வயது 39. அவ்வயதில் திறன் ஒரே பருவத்தில் சரிந்துவிடக்கூடும். அதற்கு ஈடாக ஒரு தேர்ந்த வீரரும் மூன்று எதிர்கால வாய்ப்புகளும் கொடுக்கப்பட்டன.

மூன்று மாதங்களுக்குள் அது தோல்வியாகத் தோன்றியது. வழக்கப் பருவத்தின் எஞ்சிய 14 ஆட்டங்களில் போர்க் 14 புள்ளிகள் எடுத்திருந்தார். ஆனால் மேற்கு மண்டல இறுதியில் டல்லாஸிடம் ஏழாவது ஆட்டத்தில் கொலராடோ வீழ்ந்தது. ஆண்ட்ரேசக் அந்தக் கோடையிலேயே அணியை விட்டு நீங்கினார். போர்க்கும் அப்போதே ஓய்வு பெற்றிருந்தால், இன்று இப்பரிமாற்றம் பேராசையின் எடுத்துக்காட்டாகப் பாடம் சொல்லப்பட்டிருக்கும்.

போர்க் இன்னொரு பருவம் ஆட முடிவு செய்தார். 80 ஆட்டங்களில் 59 புள்ளிகள் எடுத்தார். கொலராடோ வழக்கப் பருவத்தில் 118 புள்ளிகளுடன் முதலிடம் பெற்றது. இறுதிச் சுற்றில் நியூ ஜெர்சியிடம் 2-3 என்று பின்தங்கியிருந்தும், கடைசி இரண்டு ஆட்டங்களை 4-0, 3-1 என வென்றது. 2001 ஜூனில் நின்று பார்ப்பவருக்கு முந்தைய ஆண்டின் பேராசை தொலைநோக்காகத் தெரிகிறது. மார்ச் 2000இல் எடுத்த முடிவில் இதற்கிடையே ஓரெழுத்தும் மாறவில்லை.

நான்காவது நோக்குநிலை பாஸ்டனுடையது. ரோல்ஸ்டன் 2001–02 பருவத்தில் 31 கோல்கள் அடித்தார்; அவற்றுள் ஒன்பது, தன் அணியில் ஆள் குறைந்திருந்த வேளையில் அடிக்கப்பட்டவை. அப்பருவத்தில் பாஸ்டன் கிழக்கு மண்டலத்தில் முதலிடத்தைப் பிடித்தது. ஆனால் கிரெனியே நிலைக்கவில்லை. தேர்வுரிமையால் கிடைத்த மார்ட்டின் சாமுவெல்சன் பாஸ்டனுக்காக ஆடியவை வெறும் 14 ஆட்டங்கள். பால்சனை அவ்வாண்டு நவம்பரிலேயே அனாஹைமுக்கு அனுப்பிவிட்டனர். அவர் 2007இல் அங்கே கோப்பை வென்றார். கொடுத்தது பெருமதிப்பு, பெற்றது சிறுமதிப்பு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனினும் போர்க்கை வைத்துக்கொண்டிருந்தால் பாஸ்டனுக்குக் கிடைத்திருக்கக்கூடியது, பிளேஆஃப் காணாத ஓர் அணியில் ஒரு மாமனிதரின் கடைசி மாதங்கள் மட்டுமே. ஒப்பிட வேண்டியது அதனோடு.

விளைவைக் கொண்டு மதிப்பிடுவதன் குறையை மற்றொரு பரிமாற்றம் இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. 1996 பிப்ரவரி 27 அன்று செயின்ட் லூயி புளூஸ் அணி லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வெய்ன் கிரெட்ஸ்கியை வாங்கியது. அவருக்கு வயது 35. கொடுத்த விலை மூன்று இளம் வீரர்களும் இரண்டு தேர்வுரிமைகளும். எஞ்சிய 18 ஆட்டங்களில் அவர் 21 புள்ளிகளும், 13 பிளேஆஃப் ஆட்டங்களில் 16 புள்ளிகளும் எடுத்தார். முதல் சுற்றில் அணியின் முதன்மைக் கோல்காப்பாளர் கிராண்ட் ஃபூர் காயமுற்று வெளியேறினார். அந்தப் பருவத்தில் 79 ஆட்டங்களில் ஆடியவர் அவர். அடுத்த சுற்றில், மாற்றுக் கோல்காப்பாளருடன், டெட்ராயிட்டுக்கு எதிராக 3-2 என முன்னிலை பெற்றிருந்த செயின்ட் லூயி, ஏழாவது ஆட்டத்தில் இரண்டாவது கூடுதல் நேரம் வரை கோலின்றி இழுத்து, ஸ்டீவ் ஐசர்மனின் ஒரே அடியில் 0-1 எனத் தோற்றது. கோடையில் கிரெட்ஸ்கி நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணிக்குச் சென்றார்.

செயின்ட் லூயியின் இந்த முயற்சி தோல்விகளின் பட்டியலிலேயே இடம்பெறுகிறது. கொடுக்கப்பட்டவற்றைப் பார்த்தால் அது பெரிய இழப்பன்று. அவர்களுள் கிரெய்க் ஜான்சன் ஒருவரே லாஸ் ஏஞ்சலிஸில் பல ஆண்டுகள் நிலைத்தார். முதல் சுற்றுத் தேர்வுரிமையால் லாஸ் ஏஞ்சலிஸுக்கு ஒரு பயனும் விளையவில்லை. கிரெட்ஸ்கியின் திறன் குறித்த கணிப்பும் பிழைபடவில்லை. மறு பருவத்தில் நியூயார்க்கில் அவர் 97 புள்ளிகள் எடுத்தார். குறைந்த விலை, சரியான கணிப்பு, ஆயினும் தோல்வி எனும் பெயர். கொலராடோவுக்கும் 2001இல் இத்தகைய அடி விழுந்தது: இரண்டாவது சுற்று முடிந்த இரவில் பீட்டர் ஃபோர்ஸ்பர்க்கின் மண்ணீரலை அறுவை சிகிச்சையால் அகற்ற நேர்ந்தது, அவர் மீண்டும் அந்தப் பருவத்தில் ஆடவில்லை. ஓர் அணி தன் இழப்பைத் தாங்கியது, மற்றொன்று ஒரு கோலில் வீழ்ந்தது. இவ்விரண்டிற்கும் இடையிலான தொலைவை மேலாளர்களின் அறிவுக்கும் அறியாமைக்கும் இடையிலான தொலைவாகப் படிப்பதே பின்னறிவு செய்யும் பிழை.

எவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிட்டாலும், இந்த அளவீடுகள் யாவும் அணி நிர்வாகத்தின் பேரேட்டில் எழுதப்படுபவை. அப்பேரேட்டின் எல்லையை அறிய 1957க்குச் செல்ல வேண்டும்.

அந்நாளில் ஒரு வீரரின் ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவர்மீதான உரிமை அணியிடமே இருந்தது. 1972இல் போட்டி லீக் ஒன்று தோன்றிய பின்னரே அப்பிடி தளரத் தொடங்கியது. டெட்ராயிட் ரெட் விங்ஸ் அணியின் டெட் லிண்ட்சே 1956–57 பருவத்தில் 85 புள்ளிகள் எடுத்தார். லீகில் அவரை விஞ்சியவர் அதே அணியின் கார்டி ஹோ ஒருவரே. அதே 1957இன் பிப்ரவரியில் லிண்ட்சே தலைமையில் வீரர் சங்கம் ஒன்று அறிவிக்கப்பட்டது. ஓய்வூதிய நிதியின் கணக்கைக் காட்ட வேண்டும் என்பது அதன் கோரிக்கைகளில் ஒன்று. ஜூலையில், 32 வயதை எட்டவிருந்த லிண்ட்சே, கோல்காப்பாளர் கிளென் ஹாலுடன் சேர்த்து, அன்று லீகின் அடிமட்டத்தில் கிடந்த சிகாகோவுக்கு அனுப்பப்பட்டார். ஹாலை அனுப்பியதற்கு ஆட்டம் சார்ந்த ஒரு காரணத்தையேனும் சொல்ல முடியும்; டெரி சாச்சக் டெட்ராயிட்டுக்குத் திரும்பியிருந்தார். லிண்ட்சேயை அனுப்பியதற்குச் சங்கத்தைத் தவிர வேறு காரணம் காண்பது அரிது. அவ்வாண்டு இறுதியில் டெட்ராயிட் வீரர்களே சங்கத்திலிருந்து விலகினர். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அது கலைந்தது. நிலைத்த வீரர் சங்கம் உருவாக 1967 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

நிர்வாகப் பேரேட்டின்படி இதுவும் ஒரு பரிமாற்றமே. பின்விளைவையும் அதில் பதியலாம்: ஹாலின் துணையோடு சிகாகோ 1961இல் கோப்பை வென்றது, டெட்ராயிட் தன் 1955ஆம் ஆண்டுக் கோப்பைக்குப் பின் அடுத்ததை வெல்ல 1997 ஆயிற்று. ஆனால் அந்த வரவு செலவில் ஓய்வூதியக் கணக்கு கேட்ட வீரர்கள் இடம்பெற மாட்டார்கள். லிண்ட்சேயை அகற்றியதால் அணி உரிமையாளர்களுக்குக் கிடைத்த பத்தாண்டு அமைதியும் இடம்பெறாது. கோல்களும் புள்ளிகளும் மட்டுமே நிறுக்கும் தராசில் அதிகாரத்திற்கு எடையில்லை.

இந்தப் பின்னணியில் போர்க்கின் பரிமாற்றம் வேறு பொருள் பெறுகிறது. 1957இல் தன் உரிமை பேசிய மூத்த வீரரைத் தண்டிக்கப் பயன்பட்ட அதே கருவி, 2000இல் மூத்த வீரர் ஒருவரின் வேண்டுகோளை நிறைவேற்றப் பயன்பட்டது. இடையில் நிகழ்ந்தது மேலாளர்களின் மனமாற்றம் மட்டுமன்று; சங்கமும் போட்டி லீகும் வீரர்களுக்கு ஈட்டித்தந்த பேரம் பேசும் வலிமையும் கூட. அவ்வலிமைக்கும் எல்லை இருந்தது என்பதைப் போர்க்கின் பயணத்திசையே உணர்த்துகிறது: போக வேண்டும் என்று கேட்டவர் அவர், எங்கே என்று முடிவு செய்தவர் சிண்டன்.

தராசின் முன் நிற்கும் மூன்றாம் தரப்பினர் ரசிகர்கள். கோப்பை வென்ற சில நாள்களில் போர்க் அதனை பாஸ்டனுக்குக் கொண்டுசென்றார். நகர மன்றத் திடலில் ஆயிரக்கணக்கானோர் கூடினர். வேறொரு நகரத்தின் அணி, வேறொரு சீருடையில் வென்ற கோப்பை அது. பாஸ்டன் தன் சொந்தக் கோப்பையைக் காண 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நட்டமடைந்த தரப்பு என்று பேரேடு குறித்துவைத்த நகரமே அந்த வெற்றியைத் தன்னுடையதாகக் கொண்டாடியது.

ஆகவே இத்தகைய பரிமாற்றங்களை ஆராயும் மாணவர் மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்பது நலம். முடிவெடுத்தவர் அன்று எதை அறிந்திருந்தார்? அந்தப் பரிமாற்றத்தில் வீரரின் விருப்பத்திற்கு எவ்வளவு இடமிருந்தது? அதன் விலையை யார் செலுத்தினர்? ரோல்ஸ்டனின் கோல்களையும் போர்க்கின் புள்ளிகளையும் எதிரெதிரே அடுக்குவது முதல் கேள்விக்குக்கூட முழு விடையாகாது. போர்க் ஒரு பருவம் முன்னதாக ஓய்வு பெற்றிருந்தால், சாக்கிக்கின் கையிலிருந்து அந்தக் கோப்பை வேறு ஒருவரிடம் சென்றிருக்கும். அப்போதும் மார்ச் 6ஆம் நாளின் முடிவு அதே முடிவாகவே இருந்திருக்கும்.