கால்வாய் கண்ட நூல்கள்

பிச்சாட்டூரைக் கடந்துவரும் ஆரணியாறு பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது. அவ்வேரியை ஒட்டிச் செல்வதே பக்கிங்காம் கால்வாய். அதன் வரலாற்றை ரஸல் என்பார் ஆங்கிலத்தில் எழுத, 1898-ஆம் ஆண்டு சென்னை அரசாங்க அச்சகம் வெளியிட்டது.

கால்வாய்களைப் பற்றிய பழைய நூல்களைச் சேகரிப்போர் விரும்பித் தேடுவதோ அமெரிக்க நூலொன்றை. 363 மைல் நீளமுள்ள ஈரிக் கால்வாய் 1825-இல் நிறைவெய்தியபோது, நியூயார்க் நகர மன்றத்தாரின் வேண்டுகோளின்படி கால்டென் என்பார் இயற்றியது அது. கல்லச்சுக் கலை அந்நாட்டில் தளர்நடை பயின்ற காலம். லாக்போர்ட் என்னுமிடத்தில் பாறையை உடைத்துக் கால்வாய் தோண்டும் காட்சியை அந்நூலுக்கு வரைந்தளித்த இளைஞர் ஜார்ஜ் காட்லின், பிற்காலத்தில் அமெரிக்கப் பழங்குடியினரை ஓவியமாகத் தீட்டிப் புகழ்பெற்றார். இத்தகைய படங்களை நூலினின்று கிழித்தெடுத்துச் சட்டமிட்டு விற்பாரும் உளர். அவர்களை நூல் வணிகர் என்றழைக்க நமக்கு மனம் வரவில்லை.

தோண்டுவோரைக் காட்டும் அப்படத்தைப் பற்றி எண்ணுகையில் நம் நினைவு சென்னைக்கே திரும்புகிறது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை 1877, 1878-ஆம் ஆண்டுகளில் வெட்டியவர்கள், கொடும்பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்த ஏழை மக்கள். கால்வாய்க்குச் சூட்டப்பட்டதோ ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர். வெளிமாநிலங்களில் பழம்புத்தகக் கடைகளை நாடும் நம்மவர் கண்ணில் ரஸலின் நூல் பட்டால், ஏடுகள் குறையாதிருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்து வாங்குதல் நலம்.