மூச்சை எண்ணிய வரலாறு

சிறுமலையின் அடிவாரத்திலே, பெரியாற்றுக் கால்வாய் நீரால் நெல் விளையும் வாடிப்பட்டி வட்டாரத்தில், ஐப்பசி அடைமழை பிடித்ததும் கைக்குழந்தைகளுக்கு நெஞ்சில் கபம் கட்டுவதும், அதே வீட்டு விருத்தர்கள் இரவெல்லாம் இருமுவதும் ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்த உபாதைகள். வசம்பை விளக்குச் சுடரில் சுட்டு, உரைத்து, தாய்ப்பாலில் குழைத்து நாவில் தடவுவதும், கற்பூரவல்லி இலையை அனலில் வாட்டிச் சாறு பிழிந்து புகட்டுவதும் பாட்டிமாரின் சிகிச்சை. அச்சிகிச்சையின் பலனைக் காட்டிலும் அவர்களுடைய கண்ணே பெரிதென்பது என் அபிப்பிராயம். பிள்ளை பாலை மறுத்து, மூக்கு விடைத்து, விலாவுக்குக் கீழே குழி விழ மூச்சிழுக்குமானால், இனி வீட்டு வைத்தியம் ஆகாது என்று கண்டு, சுமார் 25 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மதுரைக்குத் தூக்கிப் போகச் சொல்லும் அனுபவம் அக்கண்ணுக்கு இருந்தது.

இந்நோய்க்குக் காரணமான கிருமிகளுள் முதன்மையான ஆர்.எஸ்.வி. என்னும் வைரஸ், 1956-இல் அமெரிக்க ஆராய்ச்சிக்கூடத்துச் சிம்பன்சிகளிடம் ஜலதோஷமாகத் தென்பட்டு, மறு ஆண்டே பால்டிமோர் சிசுக்களிடமும் இருப்பதாக ராபர்ட் சானக் குழுவினரால் வெளியிடப்பட்டது. 1960-களில் அதற்கென்று செய்த தடுப்பூசியோ, காப்பதற்கு மாறாக நோயை உக்கிரமாக்கி இரு சிசுக்களின் உயிரைக் கவர்ந்தது. முதியோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் உரிய தடுப்பூசிகள் அமெரிக்காவில் அனுமதி பெற 2023 ஆயிற்று.

இடைப்பட்ட நெடுங்காலத்தில் நம் குழந்தைகளுக்கு அரணாய் நின்றவற்றுள் தமிழ்நாட்டு ஆராய்ச்சி ஒன்றும் உண்டு என்பதை நம்மவர் போதிய அளவு போற்றவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், ஜேக்கப் ஜான் முதலானோர், பப்புவா நியூகினியில் முன்பே தொடங்கியிருந்த வழியைப் பின்பற்றி, எக்ஸ்ரே இல்லாத ஊரில் நோய் நுரையீரலுக்கு இறங்கியதை எவ்வாறு அறிவது என்று ஆராய்ந்து, சிசு நிமிடத்திற்கு 50-க்கு மேலும், ஒரு வயது கடந்த குழந்தை 40-க்கு மேலும் மூச்சு விடுவதும், நெஞ்சு உள்வாங்குவதும் நம்பத்தக்க அடையாளங்கள் என 1988-இல் லான்செட் பத்திரிகையில் வெளியிட்டனர். பாட்டியின் கண் கண்டதற்கு எண்ணிக்கை கிடைத்தது அப்போதுதான். உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதியும் இத்தகைய அளவுகளையே கொண்டது; இரண்டு மாதம் நிறையாத சிசுவுக்கு மட்டும் 60 என்று வகுத்தது. அழுதால் கணக்குப் பிசகுமாதலால், குழந்தையைத் தாய்மடியிலேயே அமைதியாக இருக்கவிட்டு, சட்டையை மெல்ல உயர்த்தி, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுதும் எண்ண வேண்டும்.